சட்டம் வகுத்த மருத்துவர்

நோயின் வேரைக் கண்டறிந்து மருந்தளிப்பவரே நல்ல மருத்துவர். புறத்தே தோன்றும் குறிகளை மட்டும் தணித்துவிட்டு அமைகின்றவர், நோயாளிக்கு நிலையான நலம் அளித்தவராகார். உடல் நோய்க்குப் பொருந்தும் இவ்வுண்மை சமூக நோய்க்கும் பொருந்தும். தீய வழக்கம் ஒன்றனை ஒழிக்க விரும்புவோர், அது கூடாது என்று விதிப்பதனோடு நின்றுவிடலாகாது. அவ்வழக்கம் எதனைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது என்பதனையும், அதனை விட்டு வெளியேறுவோர் எங்கே சென்று வாழ்வார் என்பதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு எண்ணிப் பார்த்துச் சட்டம் வகுக்க முனைந்த அம்மையார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் மருத்துவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆவார்.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30 ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். அந்நாளில் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரது ஆட்சியில் இருந்த தனி அரசாகும். தந்தையார் நாராயணசாமி ஐயர், அந்நகரிலிருந்த மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர், தாயார் சந்திரம்மாள். தாயார், கோயிலில் இசையும் ஆடலும் பயின்று தொண்டு புரியும் மரபினைச் சேர்ந்த குடும்பத்திற் பிறந்தவர். அம்மரபிற் பிறந்த பெண்டிர் படும் துன்பங்களை முத்துலட்சுமி பிறர் வாயிலாகக் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. இளமையிலேயே தம் சுற்றத்தாரிடையே கண்டறிந்தார்.

பெண்ணுக்குச் சிறு வயதிலேயே மணம் முடித்தலும், கையெழுத்துப் போடக் கற்றவுடன் பள்ளியை விட்டு நிறுத்துதலும் அக்கால வழக்கம். முத்துலட்சுமியோ மேலும் கற்க வேண்டுமென்று உறுதி பூண்டார். தந்தையார் அவ்விருப்பத்திற்குத் துணை நின்றார். மகளார் பெரும்பாலும் இல்லத்திலிருந்தே படித்து, 1902 ஆம் ஆண்டில் மெட்ரிக்குலேஷன் தேர்விற் சிறப்பாகத் தேறினார்.

அடுத்து எழுந்த தடை பெரிதாயிற்று. கல்லூரியிற் பயில விரும்பி அவர் விண்ணப்பித்தபோது, ஆண்கள் மட்டுமே பயிலும் இடத்தில் ஒரு பெண்ணைச் சேர்த்தலாகாது என்று பலர் எதிர்த்தனர். பெண்ணொருத்தி வந்து அமர்ந்தால் மாணவரின் ஒழுக்கம் கெடும் என்று அஞ்சியோரும் உளர். அவர்தம் தாயாரின் குலத்தைச் சுட்டி மறுத்துரைத்தோரும் உளர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அத்தடைகளைப் பொருட்படுத்தாது, முத்துலட்சுமியைக் கல்லூரியிற் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். இவ்வாறு 1904 ஆம் ஆண்டில், அக்கல்லூரியின் ஒரே மாணவியாக அவர் கல்வி தொடங்கினார். ஆளுவோரின் நல்லாணை ஒன்று, அடைபட்ட கதவு ஒன்றனைத் திறந்துவிடக் கூடும் என்பதனை அவர் அன்றே தம் வாழ்க்கையிற் கண்டார் எனலாம்.

மருத்துவப் பணி

1907 ஆம் ஆண்டில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். உடல் நலிவு அடிக்கடி துன்புறுத்தியபோதிலும் மனந்தளராது பயின்று, பரிசுகள் பலவற்றையும் பெற்று, 1912 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் அடைந்தார். தென்னாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணிகளுள் அவரும் ஒருவர். பின்னர் எழும்பூரில் இருந்த அரசினர் மகப்பேறு மருத்துவமனையிற் பணியாற்றினார்.

1914 ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்பாரை மணந்தார். தம்மைச் சரிநிகராக மதித்தல் வேண்டும், தம் பணிகளுக்குத் தடை செய்தலாகாது என்னும் நிபந்தனைகளுக்கு அவர் உடன்பட்ட பின்னரே அம்மையார் மணத்திற்கு இசைந்தார். சுந்தர ரெட்டியார் அவ்வுறுதியை வாழ்நாள் முழுவதும் காத்தார்.

மருத்துவம் புரிந்த காலத்தில் அம்மையார் நோயாளிகளின் உடலோடு அவர்தம் வாழ்க்கையையும் நோக்கினார். உடல் முதிர்வதற்கு முன்னரே தாயாகி நலிந்த சிறுமியர் அவரிடம் வந்தனர். வறுமையாலும் அறியாமையாலும் குழந்தைகளை இழந்த தாய்மார் வந்தனர். மருந்தினால் தீர்க்கக் கூடிய துன்பம் சிறிது. சமூக வழக்கங்களை மாற்றினாலன்றித் தீராத துன்பமே பெரிது என்பதனை அவர் உணர்ந்தார்.

சட்டசபை புகுதல்

1925 ஆம் ஆண்டில் அரசாங்கத்தாரின் உதவி பெற்று அம்மையார் இங்கிலாந்து சென்றார். மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றைப் பற்றி இலண்டனில் மேலும் ஆராய்ந்து கற்றார். 1926 ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

இதற்கிடையில் தாய்நாட்டில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. சென்னை மாகாணத்திற் பெண்கள் 1921 ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். ஆயினும் சட்டசபையில் அமரும் உரிமை 1926 ஆம் ஆண்டிலேதான் அவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு நடந்த தேர்தலிற் போட்டியிட்ட பெண்மணிகள் வெற்றி பெறவில்லை. ஆகவே, பெண்ணொருவரை நியமன உறுப்பினராக்க வேண்டுமென இந்திய மாதர் சங்கத்தார் வேண்டினர்; முத்துலட்சுமி அம்மையாரின் பெயரையும் எடுத்துரைத்தனர். அரசாங்கம் அதனை ஏற்றது.

அம்மையார் முதலில் தயங்கினார். தம்மை நம்பியிருக்கும் நோயாளிகளை விட்டு அரசியற் பணிக்குச் செல்லுதல் தகுமோ என்று எண்ணினார். கணவரும் நண்பர்களும் வற்புறுத்திய பின்னரே உடன்பட்டார். இவ்வாறு ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்திய மாகாணங்களில், சட்டசபை புகுந்த முதற் பெண்மணி என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. 1927 ஆம் ஆண்டில் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைச் சபையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

அப்பதவியின் சிறப்பைக் கண்டு மகிழ்ந்து அமைந்துவிடும் இயல்பினர் அல்லர் அவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றும், பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர் முறையாகச் சோதித்தல் வேண்டும் என்றும், ஏழைச் சிறுமியர்க்குப் பள்ளிச் சம்பளம் நீக்கப்பெறல் வேண்டும் என்றும் சபையில் வற்புறுத்தினார். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டுமெனவும் 1928 ஆம் ஆண்டில் தீர்மானம் கொணர்ந்தார். அடுத்த ஆண்டில் இந்திய நாடு முழுவதற்கும் குழந்தைமணத் தடைச் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்த அளவு மணவயதை அச்சட்டம் வரையறுத்தது. இச்சட்டத்தை ஆதரித்துப் பாடுபட்டோருள் அம்மையாரும் ஒருவர்.

பொட்டுக்கட்டும் வழக்கம்

அம்மையாரின் சட்டசபைப் பணிகளுள் தலைசிறந்தது தேவதாசி முறையை ஒழிக்க அவர் எடுத்த முயற்சியேயாகும். சிறுமி ஒருத்தியைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, இறைவன் பெயரால் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு உரியவளாக்குதல் பண்டு தொட்டு நிலவிய வழக்கம். பொட்டுக் கட்டப்பெற்ற பெண் கோயில் விழாக்களில் ஆடலும் பாடலும் நிகழ்த்துவாள். இம்மரபினர் இசையையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர். மற்றைப் பெண்டிர்க்குக் கல்வி மறுக்கப்பட்ட காலத்திலும் இவர்கள் நூல் பல கற்றனர். சொத்துரிமையும் இவர்களிடையே பெண் வழியாக வந்தது.

எனினும் இப்பெருமைகளுக்குப் பின்னே பெருந்துயர் ஒன்று மறைந்திருந்தது. நன்மை தீமை அறியாத பருவத்தில், தன் விருப்பம் கேட்கப்படாமலே, ஒரு சிறுமியின் வாழ்வு முடிவு செய்யப்பட்டது. பிற பெண்களைப்போல் மணம் புரிந்து இல்லறம் நடத்தும் உரிமை அவளுக்கு மறுக்கப்பட்டது. காலப்போக்கில் கோயில்களின் ஆதரவு குறையவே, செல்வர்களின் தயவை நாடி வாழும் இழிநிலை பலருக்கு நேர்ந்தது. அவர்களைப் பழித்த உலகம், அந்நிலைக்கு அவர்களை ஆளாக்கிய வழக்கத்தைப் பழிக்கவில்லை.

தண்டனைச் சட்டத்தில் இதற்கு மருந்து இல்லையோ எனின், ஓரளவு இருந்தது. சிறுமியரைத் தீய வாழ்விற்கு ஒப்படைத்தல் குற்றம் என 372, 373 ஆம் பிரிவுகள் கூறின. ஆயினும், பொட்டுக் கட்டுவோர் சமயச் சடங்கு ஒன்றனைச் செய்வதாகவே கூறினர். தீய நோக்கத்தை மெய்ப்பித்தல் அரிதாயிற்று. மேலும், சமய வழக்கங்களில் தலையிடுவதற்கு ஆங்கில அரசாங்கம் தயங்கிற்று. மைசூர் அரசாங்கம் 1909 ஆம் ஆண்டிலேயே தன் கோயில்களில் இம்முறையை விலக்கியிருந்தது. சென்னை மாகாணத்திலோ அத்தகைய சட்டம் ஒன்றும் இல்லை.

தீர்மானமும் மசோதாவும்

சட்டசபையில் உறுப்பினர் ஒருவர் தம் கருத்தை இரு வழிகளில் நிறைவேற்ற முயலலாம். ஒன்று தீர்மானம், மற்றொன்று மசோதா. தீர்மானம் என்பது அரசாங்கத்திற்குச் சபை கூறும் பரிந்துரை. அதனை ஏற்றலும் ஏலாமையும் அரசாங்கத்தின் விருப்பம். மசோதா என்பது சட்டத்தின் முன்வடிவம். அதனைக் கொணர்வதற்கு முதலிற் சபையின் இசைவு பெறல் வேண்டும். பின்னர் உறுப்பினர் சிலர் அடங்கிய குழு அதனை ஆராயும். பொதுமக்களின் கருத்துக் கேட்கப்படுதலும் உண்டு. அதன்பின் ஒவ்வொரு பிரிவையும் சபை தனித்தனியே விவாதிக்கும். சபை நிறைவேற்றிய பின்னும், மாகாணக் கவர்னரும் இந்தியாவின் கவர்னர் ஜெனரலும் ஒப்புதல் அளித்தாலன்றி அது சட்டமாகாது. அமைச்சர் கொணரும் மசோதாவிற்கு அரசாங்கத்தின் துணை உண்டு. தனி உறுப்பினர் கொணரும் மசோதாவிற்கோ அவருடைய ஊக்கமே துணை.

1927 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் செய்ய வேண்டுமென்று அரசாங்கத்திற்குப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அம்மையார் கொணர்ந்தார். மருத்துவர் என்ற முறையிலும் பெண் என்ற முறையிலும் அவர் அவ்வழக்கத்தின் தீமைகளை எடுத்துரைத்தார். சபை தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் தீர்மானம் சட்டமாகாது என்பதனை அம்மையார் நன்கு அறிவார். ஆகவே தாமே மசோதாக்களைக் கொணர முனைந்தார்.

எழுந்த எதிர்ப்பு

அம்மையாரின் முயற்சியை எதிர்த்தோர் பல திறத்தினர். பழைய வழக்கத்தைத் தொடுவது சமயத்தைத் தொடுவதாகும் என்றனர் சிலர். தேவதாசியர் இல்லையேல் பரதக் கலையும் இசைக் கலையும் அழிந்தொழியும் என அஞ்சினர் சிலர். அம்மரபினரான பெண்டிர் சிலரே சங்கம் அமைத்து அரசாங்கத்திற்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் சமாதியைக் கட்டுவித்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். தம்மனைவரையும் ஒழுக்கம் கெட்டவராகக் கருதுதல் அநீதி என்றும், தமது சொத்துரிமையும் கலையும் இதனால் அழியும் என்றும், தமக்கு வேண்டுவது கல்வியே என்றும் அவர்கள் முறையிட்டனர்.

இம்முறையீட்டை வெறுங்கூச்சல் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அதில் உண்மையும் இருந்தது. கோயிலை விட்ட பெண்டிர் பலர் பின்னாளில் தம் கலைக்குரிய இடத்தையும் வருவாயையும் இழந்து வருந்தினர் என்பதனை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும், பேசத் தெரியாத சிறுமியின் சார்பில் யார் முறையிடுவது என்பதே அம்மையாரின் உள்ளத்தில் எழுந்த கேள்வி. இம்முறையை ஒழிக்க வேண்டுமென்று அம்மரபிலிருந்தே எழுந்த குரல்களும் பல. இசை வேளாளர் சங்கங்கள் பல அம்மையாரை ஆதரித்தன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இம்முறையைக் கண்டித்துப் பேசினார். காந்தியடிகளும் பெரியார் ஈ. வெ. இராமசாமியும் ஒழிப்பினை ஆதரித்தனர்.

நிலத்தை விடுவித்த சட்டம்

அம்மையாரின் மருத்துவ நோக்கு, அவர் கொணர்ந்த முதல் மசோதாவில் நன்கு புலப்படுகின்றது. தேவதாசி முறை எதனைப் பற்றிக்கொண்டு நின்றது? சமய நம்பிக்கையை மட்டும் அன்று. நிலத்தையும் பற்றிக்கொண்டு நின்றது. கோயிற்பணி புரியும் குடும்பங்களுக்கு மானியமாக, அஃதாவது இனாமாக, நிலங்கள் விடப்பட்டிருந்தன. சில குடும்பங்களுக்கு நிலவரி வருவாய் விடப்பட்டிருந்தது. கோயிற்பணி நடக்கும் வரையில்தான் அவற்றை அனுபவிக்கலாம். பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே ஒரு தலைமுறையினர் முதுமையடையும்போது, அந்நிலத்தைக் காத்துக்கொள்வதற்காகவேனும் மகளையோ வளர்ப்பு மகளையோ பொட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. தாய் விரும்பாவிடினும் வயிறு அவளை நெருக்கியது.

இந்நிலையில், பொட்டுக் கட்டுதல் கூடாது என்று மட்டும் சட்டம் செய்தால் என்ன நேரும்? வழக்கத்தைக் கைவிடும் குடும்பம் நிலத்தை இழந்து தெருவில் நிற்கும். ஆதலின் அம்மையார் முதற்கண் அப்பிணிப்பை அறுக்கக் கருதினார். அறநிலையங்களைப் பற்றி 1926 ஆம் ஆண்டில் சபை நிறைவேற்றியிருந்த இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்துவதற்கு ஒரு மசோதா கொணர்ந்தார். தேவதாசியர் வைத்திருக்கும் இனாம் நிலங்களைக் கோயிற்பணி என்னும் நிபந்தனையினின்றும் விடுவித்து, சிறு தீர்வை ஒன்று செலுத்தி அவர்களே அனுபவிக்கச் செய்வது அதன் நோக்கம். நிலவரி வருவாயை அனுபவித்தோரையும் அவ்வாறே பணிக் கடமையினின்றும் விடுவிக்க அது வழி செய்தது. பணி செய்யவில்லை என்ற காரணத்தால் எப்பெண்ணும் தன் வாழ்வூதியத்தை இழக்க வேண்டியதில்லை என்பதாயிற்று.

1929 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னைச் சட்டசபை இத்திருத்தத்தை நிறைவேற்றியது. அது அவ்வாண்டின் 5 ஆம் சென்னைச் சட்டமாயிற்று. பொட்டுக் கட்டுதலை அது குற்றமென விதிக்கவில்லை. எவரையும் தண்டிக்கவும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பத்தைப் பழைய வழக்கத்தோடு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது. வேண்டுவோர் வெளியேறலாம், வெளியேறினும் உழுதுண்ண நிலம் உண்டு. தடுப்பதற்கு முன் விடுவித்தல் வேண்டும் என்னும் அறிவு இச்சட்டத்தில் அமைந்திருந்தது.

நிறைவேறாத மசோதா

நிலத்தை விடுவித்த பின், வழக்கத்தையே தடுக்கும் மசோதாவை 1930 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் கொணர்ந்தார். பொட்டுக் கட்டுதலைச் சட்டத்திற்கு மாறான செயலாக்குவது அதன் நோக்கம். பொதுமக்களின் கருத்தை அறிவதற்காக அம்மசோதா அனுப்பப்பட்டது. ஆதரவும் எதிர்ப்புமாகக் கருத்துக்கள் வந்துகொண்டிருந்தன. இன்னும் சில காலம் அம்மையார் சபையில் இருந்து முயன்றால், மசோதா சட்டமாகக் கூடும் என்னும் நிலை ஏற்பட்டது.

அவ்வேளையில் நாட்டில் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1930 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டார். அம்மையாரின் முன் இரு வழிகள் தோன்றின. சபையில் இருந்தால் தாம் மூன்றாண்டுகளாக உழைத்து உருவாக்கிய மசோதாவைக் காக்கலாம். ஆனால் காந்தியடிகளைச் சிறையிலிட்ட அரசாங்கம் அளித்த நியமனப் பதவியில் தொடர்ந்து இருக்க வேண்டும். பதவியைத் துறந்தால் மனச்சான்று அமைதியுறும். மசோதாவோ தன்னைத் தாங்குவாரின்றி நிற்கும். எளிதில் முடிவு செய்யத்தக்க நிலையன்று அது. அம்மையார் பதவியைத் துறந்தார். உறுப்பினர் பதவியோடு துணைத் தலைவர் பதவியும் நீங்கியது. மசோதா நிறைவேறவில்லை.

ஔவை இல்லம்

சட்டசபையின் கதவு மூடியபோது அம்மையார் தம் வீட்டின் கதவைத் திறந்தார். பழைய வாழ்வை விரும்பாது வெளியேறிய தேவதாசிக் குடும்பப் பெண்கள் மூவர் அவரிடம் அடைக்கலம் நாடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் தயங்கின. உலகம் திருந்த வேண்டும் என்று பேசுவோரும், திருந்தி வந்தவரை அருகில் அமர்த்த அஞ்சினர். அம்மையார் அப்பெண்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்துக் கல்வி அளித்தார். இவ்வாறு 1930 ஆம் ஆண்டிற் பிறந்ததே ஔவை இல்லம். பின்னர் 1936 ஆம் ஆண்டில் அது அடையாற்றுக்கு மாறியது. ஆதரவற்ற சிறுமியர் பலர் அங்குக் கற்று, ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் தம் காலில் நின்றனர்.

நிலத்தைக் காக்கச் சட்டம். கல்வி தர இல்லம். இவ்விரண்டும் அமைந்த பின் எஞ்சி நின்றது தடைச் சட்டம் ஒன்றே.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின்

அதற்கு நாடு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1937 ஆம் ஆண்டிற் பதவியேற்ற காங்கிரசு அமைச்சரவை 1939 ஆம் ஆண்டில் விலகியது. உலகப் போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் கவர்னரே ஆட்சி நடத்தினார், சட்டமன்றம் செயற்படவில்லை. 1946 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் மக்களாட்சி அமைந்தது. அம்மையாரோ இக்காலம் முழுவதும் பேச்சாலும் எழுத்தாலும் விண்ணப்பங்களாலும் தம் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தார்.

இறுதியில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1947 ஆம் ஆண்டில், தேவதாசி ஒப்படைப்புத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அது அவ்வாண்டின் 31 ஆம் சென்னைச் சட்டமாகும். பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுதல் செல்லாது என்று அச்சட்டம் கூறியது. முன்னர்ப் பொட்டுக் கட்டப்பெற்ற பெண்ணும் மணம் புரிந்துகொள்ளலாம்; அம்மணம் செல்லும் என்றும் விதித்தது. பொட்டுக் கட்டுதலில் ஈடுபடுவோர்க்கு 6 திங்கள் வரை சிறையோ, 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ தண்டனையாயிற்று. அம்மையார் அப்பொழுது சட்டமன்ற உறுப்பினர் அல்லர். சபையில் எழுந்து வாக்களிக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. எனினும் 1930 இல் அவர் இட்ட வித்தே முளைத்து மரமாகியது என்பதில் ஐயமில்லை.

பிற்கால வாழ்வு

அம்மையாரின் உழைப்பு அத்துடன் ஓயவில்லை. 1923 ஆம் ஆண்டில் அவருடைய தங்கையார் புற்றுநோயால் இறந்தார். அந்நோய்க்குத் தனி மருத்துவமனை ஒன்று அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் அன்று முதல் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டோர் பலர். அம்மையார் சலியாது பொருள் திரட்டினார். 1952 ஆம் ஆண்டில் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்துப் பெருநிலையமாக்கினர்.

1956 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22 ஆம் நாள், தமது 81 ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார். தமிழ்நாட்டரசின் மகப்பேறு உதவித் திட்டம் அவருடைய பெயரைத் தாங்கியுள்ளது.

முடிவுரை

சட்டசபையில் முத்துலட்சுமி அம்மையார் இருந்த காலம் மூன்றாண்டுகளுக்குச் சிறிது மேல். அக்காலத்தில் அவர் கொணர்ந்தவற்றுள் சில நிறைவேறின, சில நிறைவேறவில்லை. நிறைவேறியவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு அவருடைய பெருமையை அளத்தல் பொருந்தாது. ஒரு வழக்கத்தைத் தடுப்பதற்கு முன், அதனுட் சிக்கியோர்க்கு வாழ வழி காண வேண்டும் என்று அவர் கருதினார். கருதியதைச் சட்டத்தின் எழுத்தில் அமைத்தார். சட்டம் செய்ய முடியாத பணியைத் தம் இல்லத்திற் செய்தார். பதவி நீங்கிய பின்னும் தொடங்கிய செயலை மறவாது, அது முடியும்வரை பாடுபட்டார்.

சட்டம் இயற்றும் உரிமை சிலருக்கே வாய்க்கின்றது. ஆயினும் துன்புறுவோரின் நிலையைக் கூர்ந்து நோக்குதலும், அதன் காரணத்தை ஆராய்தலும், தீர்க்கும் வரை ஓயாதிருத்தலும் அனைவருக்கும் இயலும். இவற்றையே முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை கற்பிக்கின்றது.